யாரும் அழாத வீடு

பில்லுண்ட் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து பெருந்தெருவில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பின் இருக்கையில் யாரோ பெல்ற் போடாமல் இருப்பதாகக் கார் மணியடிக்கத் தொடங்கியது.

பவளராணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றுமில்லை. பெட்டிகளையும் பைகளையும் தவராஜா டிக்கியில்தான் அடுக்கியிருந்தார். அந்த விஷயத்தில் அவர் பொல்லாத மனுசன், ஒரு தொப்பியைக்கூட இருக்கையில் போட விடமாட்டார். ஆனாலும் முன்பலகையில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ஆள் உருவம் மினுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆறு கிழமை சும்மா நிண்டதிலை காருக்கும் விசர் பிடிச்சிட்டுது," என்றார் தவராஜா.

அடுத்து வந்த ஓய்விடத்தில் காரை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, வெறும் இருக்கைக்குக் குறுக்காகப் பெல்றை இழுத்துக் கொளுவினார். கொளுவும்போது, டென்மார்க்கில் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் ஐயா என்று இருக்கைக்குப் புத்தி வேறு சொன்னார். மணி நின்றது. பவளராணிக்கும் சிரிப்பு வந்தது. முப்பத்துநாலு வருடமாக இந்த மனுசனின் பகிடிகளைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள்தான் அவள், ஆனால் பகிடி இல்லாத தவராஜாவை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

ரண்டர்ஸில் இருந்த வீடு வந்து சேர மாலை நாலரை ஆகிவிட்டது. நவம்பர் கடைசி என்பதால் அதற்குள்ளேயே கும்மிருட்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் டிக்கிப் பக்கம் போக, அவள் கைப்பையைத் தேடி இரண்டு விநாடி பிந்தினாள். அந்த இரண்டு விநாடிக்குள் முதுகுக்குப் பின்னால் பெல்ற் கழலும் சத்தம் கேட்டது. பிறகு அது வழுக்கி உள்ளே இழுபடும் சத்தம். தானாக இழுபட்டால் அது சட்டென்று போய் அடிக்கும். இது மெதுவாகப் போனது, யாரோ கையில் பிடித்து விடுவதுபோல.

சொன்னால் ஒரு கிழமைக்கு இதை வைத்தே பகிடி பண்ணுவார். அதனால் அவள் சொல்லவில்லை.

இந்தப் பயணத்துக்கு முன்னால் அவர்கள் ஊர் பார்க்கவென்று எங்கேயும் போனவர்கள் இல்லை. விமானம் ஏறினால் ஒன்று கலியாணம், இல்லாவிட்டால் செத்தவீடு. பாரிஸ் என்றால் சேலைக்கடை, ஜெர்மனி என்றால் மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. இருபத்தொன்பது வருடம் இரும்போடு மாரடித்து, நெஞ்சில் ஒரு ஸ்டென்டும் வைத்துக்கொண்டு ஓய்வுக்கு வந்த தவராஜா, மலை பார்க்கவேண்டும் என்றார். மலையும், மலையில் இருக்கிற புத்த கோயில்களும். பவளராணிக்கு மனம் ஒப்பவில்லை. ஊரில் அவர்கள் அறிந்த புத்தர் சிலைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆமிக் காம்ப் இருந்தது. ஆமி இல்லாத புத்தரை ஒருமுறையாவது பார்த்துவிட்டுச் சாகவேண்டும் என்பது அவருடைய நியாயம்.

பார்த்தார்கள். லும்பினியிலும் காத்மண்டுவிலும் சிக்கிமிலும், பிறகு பெயர் வாயில் நுழையாத எத்தனையோ மலைக் கிராமங்களிலும். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள், மேலே போனதும் சுவரோடு வரிசையாக நிற்கும் பிரார்த்தனை உருளைகளைச் சுழற்றுவார்கள், வெண்ணெய் விளக்குகளின் புகையில் கண் கரிக்கக் கரிக்கக் கும்பிடுவார்கள். அவள் எல்லாப் புத்தர்களிடமும் ஒன்றையேதான் கேட்டாள். மகள் துவாரகாவின் பிள்ளை உயிரோடு பிறக்கவேண்டும்.

துவாரகா அவர்களுக்கு ஒரே பிள்ளை. கோப்பன்ஹேகனில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. இரண்டு முறை நாலாம் மாதத்தில் கரு தங்காமல் போய், மூன்றாவது இப்போது எட்டாம் மாதத்தைத் தொட்டிருந்தது. இரத்த அழுத்தம் கூடுகிறது, படிகூட ஏறவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் இருப்பது நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. அடுத்த கிழமைச் சனிக்கிழமை தாய்வீட்டுக்கு வந்து, பிள்ளை பிறக்கும்வரை இங்கேயே இருப்பதென்று முடிவு. இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பவளராணி வந்த அன்றிரவே குசினிக்குப் பக்கத்தில் இருக்கும் மகளின் பழைய அறையை ஒதுக்கத் தொடங்கினாள்.

அந்த அறைதான் குளிர்ந்தது.

வீட்டின் மற்ற இடங்களெல்லாம் கதகதவென்று இருந்தன. அந்த அறையில் மட்டும் கதவைத் திறந்தவுடன் குளிர் முகத்தில் வந்து ஒட்டியது. கூடவே ஒரு வாசனை, காறிப்போன வெண்ணெயும் பழைய கம்பளியும் நெடுநாள் குளிக்காத தலைமயிரும் கலந்த வாசனை. பெட்டிக்குள் இருந்த உடுப்புகளிலிருந்து வருகிறதென்று எல்லாவற்றையும் இரண்டு முறை தோய்த்தாள். பொக்கராவில் அவருக்கு வாங்கிய சிவப்புக் கம்பளிப் போர்வையை மட்டும் அவர் தோய்க்க விடவில்லை. நிறம் போய்விடுமாம்.

திங்கட்கிழமை வெப்பக் குழாய் பார்க்க ஒரு ஆள் வந்தார். நல்ல உயரமான, செம்பட்டைத் தாடி வைத்த டேனிஷ்காரர். அறைக்குள் போனவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, தாழ்ந்த குரலில் பேசினார். குழாயில் ஒரு பிழையும் இல்லை, நல்ல சூடு, அறைக்குள் இருபத்தொரு பாகை காட்டுகிறது என்றார். அப்படிச் சொன்ன மனுசன் இரண்டு கையாலும் தன் தோள்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்துப் போடும்போது "உன்ஸ்குல்" என்று மன்னிப்பு வேறு கேட்டார். உள்ளே பெரியவர் ஒருவர் இருப்பது தெரியாமல் விளக்கைப் போட்டுவிட்டாராம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தபடியால் உடனே நிறுத்திவிட்டாராம். உங்கள் அப்பாவா என்று கேட்டார்.

தவராஜா அப்போது பல் டொக்டரிடம் போயிருந்தார். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

ஓம் என்று தலையாட்டி அந்த ஆளை அனுப்பிவிட்டுப் பவளராணி நடைவழியில் சுவரோடு சாய்ந்து நின்றாள். மூடிய கதவு மூன்று அடி தூரத்தில் இருந்தது. இத்தனை நாளாக நினைக்கக்கூடாது என்று தள்ளி வைத்திருந்த அந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது.

நேபாளத்தின் வடக்கே, ஜீப் பாதை முடிந்த பிறகும் இரண்டு மணித்தியாலம் நடந்து போன ஒரு ஊர். பத்துப் பன்னிரண்டு கல்வீடுகளும் ஒரு சின்னக் கோயிலும். கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் கூப்பிட்டு உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார்கள். வீட்டில் நிறையச் சனம், எல்லாரும் முணுமுணுவென்றுதான் பேசினார்கள். இரண்டு பேர் ஒரு மூலையில் புத்தகம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளறையில், விளக்குகளுக்கு நடுவில், ஒரு கிழவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைத் துணி. தியானத்தில் இருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

புறப்படும்போது தவராஜா வெளியே சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் வாய் நனைத்துவிட்டு அந்த வீட்டின் மூத்தவரிடம் சொல்லாமல் கிளம்பிவருவதை அவளுக்கு யாரும் பழக்கவில்லை. அவள் உள்ளறைக்குப் போனாள். கிழவரின் காலைத் தொட்டாள். கால் குளிர்ந்திருந்தது. அந்த உயரத்தில் எல்லாமே குளிர்ந்துதான் இருந்தது.

"ஐயா, நாங்கள் போட்டு வாறம்," என்றாள். பிறகு, எந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் சொல்வதையே சொன்னாள். "நீங்களும் ஒருக்கா எங்கட வீட்டை வரோணும். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. கட்டாயம் வந்து ஆசீர்வதிக்கோணும்."

பின்னால் முணுமுணுப்பு நின்றுபோனது. ஒரு பெண் ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். இழுத்தவளின் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

கீழே இறங்கிய பிறகு, நடந்ததைக் கேட்டுவிட்டு ஜீப் சாரதி விளங்கப்படுத்தினார். ஐம்பது வயது மனுசன், நல்ல ஆங்கிலம் பேசுவார். அந்தக் கிழவர் செத்து மூன்று நாளாம். அந்த ஊரில் உடலை இருத்தி வைத்து மந்திரப் புத்தகம் வாசிப்பார்களாம். அழமாட்டார்கள், செத்தவரோடு பேசமாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். இன்னும் தன்னை யாரோ தேடுகிறார்கள் என்று எண்ணினால் போகாமல் நின்றுவிடுவார் என்பார்கள். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று கேட்டார். மகளின் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரச் சொன்னார் என்று, வழியில் அவள் சொல்லிக் கேட்டிருந்த தவராஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சாரதி சிரிக்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டார். நகரம் வரும்வரை அதைக் கீழே இறக்கவே இல்லை.

பவளராணி இருபத்தாறு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எத்தனை பேருக்குக் கண் மூடிவிட்டிருப்பாள், எத்தனை குளிர்ந்த காலைத் துடைத்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம்தான். அந்த வீட்டில் யாரும் அழவில்லை. அவள் வளர்ந்த ஊரில் செத்தவீடு என்பது ஒழுங்கைக்குள் நுழையும்போதே காதில் விழும். அழாத வீட்டில் சாவு இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்?

அன்று பின்னேரம் தவராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பெல்றையும் சேர்த்து. அவர் வழக்கம்போலச் சிரித்தார். வந்தால் வரட்டும், இவ்வளவு தூரம் விசா இல்லாமல் வந்த மனுசனை நாங்களே பிடித்துக் கொடுக்கலாமா என்றார். சொல்லிக்கொண்டே அவள் கையில் இருந்த தட்டத்தைப் பார்த்தார். பவளராணியும் குனிந்து பார்த்தாள். மூன்று கோப்பைத் தேத்தண்ணி. எப்போது மூன்றாவதை ஊற்றினாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் ஊற்றுகிற கை, அவளைக் கேளாமலே ஊற்றியிருந்தது.

அதற்குப் பிறகு தவராஜா பகிடி விடவில்லை.

முதலில் சளி என்றார். செவ்வாய்க்கிழமை முழுவதும் பேசவே இல்லை. புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள் அவரைத் தேடினாள். துவாரகாவின் அறையில், விளக்குப் போடாமல், சிவப்புப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தார். கூரைக்கு மேல் மழை சோவென்று கொட்டியது. இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"சும்மா. தனிய இருக்கிறது பாவமெல்லே."

"ஆர் தனிய இருக்கிறது?"

அவள் அவருடைய கையைப் பிடித்துத் தூக்கினாள். கை ஐஸாக இருந்தது. ஒரு பிள்ளையைப் போல எழும்பி வந்து, சோறு தின்று, மாத்திரை போட்டு, படுத்தார். அவருடைய நெஞ்சில் காதை வைத்து அது அடிக்கிறதா என்று கேட்டபடி பவளராணி நெடுநேரம் கிடந்தாள். அடித்தது. ஆனால் இடைவெளி விட்டு விட்டு அடித்தது. டொக்டரிடம் போவோம் என்று எவ்வளவு கெஞ்சியும் அடுத்த நாள் அவர் அசையவில்லை.

வியாழக்கிழமை இரவு மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். அப்பாவுக்குச் சளி, வீடும் குளிர், இன்னும் இரண்டு கிழமை பொறுத்து வந்தால் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். துவாரகா டேனிஷில் பேசத் தொடங்கினாள். அவளுக்கு நோகும்போது டேனிஷ்தான் வரும். நாலாம் மாடியில் நான் பகல் முழுக்கத் தனியாக அழுதுகொண்டு கிடப்பது அம்மாவுக்குத் தெரியுமா, முதல் இரண்டு பிள்ளையும் போனபோதும் அங்கேதான் வந்து படுத்தேன், இப்போது வரவேண்டாமா என்று கேட்டாள். கடைசியில் மட்டும் தமிழில் சொன்னாள்.

"வேண்டாம் எண்டால் நேர சொல்லுங்கோ அம்மா. நான் வரேல்லை."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையை வராதே என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை வா மகள் என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி இறந்தாள். கூட வேலை செய்கிற டேனிஷ் பெண் வழக்கப்படி யன்னலைத் திறந்துவிட்டாள். உயிர் வெளியே போவதற்காம். வாசல் பக்கம் தொங்கிய திரை ஒருமுறை உள்வாங்கி அடங்கியது. பவளராணி இதை நூறு தடவை பார்த்தவள். அன்று பார்த்தபோதுதான் என்ன செய்யவேண்டும் என்று விளங்கியது. வரச்சொன்னவள் அவள்தான். போகச் சொல்லவேண்டியவளும் அவள்தான்.

ஆனால் அந்தச் சொல் அவளிடம் இல்லை. அவர்கள் வீட்டில் யாரும் யாரையும் போ என்று சொன்னதில்லை. கடன்காரனைக்கூடப் போட்டு வாங்கோ, போய் வாருங்கள் என்றுதான் அனுப்புவார்கள். கோபத்தில் மகளை ஒருநாள் போடி என்று ஏசிவிட்டு, வாசல்வரை ஓடிப்போய் வந்திடு என்று சேர்த்துச் சொன்னவள் அவள். இந்த முறை அப்படிச் சேர்த்துச் சொல்லக்கூடாது. வேலை முடிந்து வரும் வழியெல்லாம், பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்து, சத்தமில்லாமல் சொல்லிப் பழகினாள். போங்கோ. போங்கோ. போங்கோ.

சனிக்கிழமை மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து பனிப்புகார் எழும்பி வந்து வேலியை மூடியது. மகளும் மருமகன் ஆரணனும் காரில் வந்துகொண்டிருந்தார்கள், நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். பவளராணி இரவல் துணிச்சலோடு நடைவழியில் நின்றாள். முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ரீவியில் கைப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தவராஜாவின் சாய்வுக் கதிரை அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது, அதன் விளிம்புக்கு மேலே, ரீவி வெளிச்சத்துக்கு எதிரே, அவருடைய தலை கறுப்பாகத் தெரிந்தது. நல்லது, அவர் அங்கேயே இருக்கட்டும். இதை அவர் பார்க்கவேண்டாம்.

அவள் மகளின் அறைக் கதவைத் திறந்தாள்.

குளிர். அந்த வாசனை. இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிடம் எடுத்தது.

கட்டில் விளிம்பில் ஒரு உருவம் இருந்தது. யன்னலைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி, தலையோடு மூடிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் பிள்ளைக்கு வாங்கிய தொட்டில். உருவத்தின் ஒரு கை தொட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே போய் யன்னலைத் திறந்தாள். அதன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக நிலத்தையே பார்த்துக்கொண்டாள். புகார் உள்ளே வந்தது.

"நான் தெரியாமல் கூப்பிட்டுட்டன்," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "என்ரை பிள்ளையை விட்டிடுங்கோ. இது உங்கட வீடு இல்லை. போங்கோ."

உருவம் அசையவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. செத்தவர்களுக்கு ஏன் மூச்சு என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"போங்கோ!"

அது எழும்பியது. முழங்காலில் கையை ஊன்றி, மெல்ல, நோவோடு எழும்பியது. யன்னல் பக்கம் போகவில்லை. அவளைக் கடந்து கதவுக்குப் போனது. கடக்கும்போது கம்பளியின் நுனி அவளுடைய கையில் பட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நடைவழியில் வெறுங்கால்கள் நடந்தன. முன்கதவு திறந்தது. பிறகு காலடி நின்றுவிட்டது. வாசலில் நின்று ஏதோ ஒரு சொல்லுக்குக் காத்திருப்பது தெரிந்தது.

அந்த இடத்தில் வாங்கோ என்ற, காலமெல்லாம் சொல்லி வந்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"திரும்பிப் பாக்காமல் போங்கோ."

கதவு சாத்திக்கொண்டது.

நின்றாள். எண்ணினாள். இருபது. முப்பது. அறை கதகதப்பாகிக்கொண்டு வந்தது. வாசனையும் போய்விட்டது. அவள் யன்னலைப் பூட்டி, விளக்கைப் போட்டு, தொட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். சந்தோசத்தில் அழுதாள். பிள்ளை பிழைத்துவிட்டது. மனுசனும் பிழைத்துவிட்டார். இனிப் பகிடி விடுவார், பல்லிளித்துக்கொண்டு இதையே ஊரெல்லாம் சொல்லுவார், சொல்லட்டும்.

"இஞ்சேருங்கோ," என்று முன்னறைப் பக்கம் கூப்பிட்டாள். "போயிட்டார்!"

பதில் வரவில்லை. ரீவியில் சனம் கைதட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். உருவம் இருந்த இடம் பள்ளமாக இருந்தது. கையை வைத்தாள். சூடு. மனுசச் சூடு. பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. அதன் ஒரு காலில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. அந்த நாடாவை மனுசனுக்குச் சுற்றிக் கொடுத்தது பவளராணிதான்.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது.

முன்கதவுக்கு ஓடினாள். அதற்குள் வெளியே காரின் வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது, கார்க் கதவு அடித்தது. கைப்பிடியைத் தொடமுதலே கதவு திறந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, குளிரில் மூக்குச் சிவக்கத் துவாரகா உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாக அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். வழியில் யாரோ ஒரு ஆள் ஜாக்கெற்றும் இல்லாமல், வெறுங்காலோடு, தலையை மூடிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகிறாராம். புகாரில் முகம் தெரியவில்லையாம். ஹோர்ன் அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லையாம். ஆரணன் அந்த ஆளைத் தேடிப் போயிருக்கிறாராம்.

பவளராணி வாசலைப் பார்த்தாள். வெளியே ஓடவேண்டும். ஆறு இருநூறு மீற்றர்கூட இல்லை, இப்போது ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் மகள் அவளுடைய கையை விட்டுவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், முன்னறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் துவாரகா சிரித்துக்கொண்டு.

பவளராணி பின்னாலே போனாள். போகாமல் என்ன செய்வாள்? ரீவி வெளிச்சத்தில் கதிரையின் முன்பக்கம் தெரிந்தது. அதில் அது சப்பணமிட்டு இருந்தது. தலையிலிருந்து மூக்குவரை வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே வாய், காய்ந்து, உள்ளே இழுபட்டு. அவள் தொட்ட அதே கால்கள்.

"அப்பாக்குச் சளி எண்டீங்கள், நல்லாத்தானே இருக்கிறார்," என்றாள் மகள். அவள் கண்ணுக்கு அது அப்பாவாகவே தெரிந்தது. குனிந்து, அந்த மடியில் கிடந்த கையை எடுத்தாள். "அப்பா, இஞ்சை பிடிச்சுப் பாருங்கோ. கோப்பன்ஹேகனிலை இருந்து வழி முழுக்க உதை."

கோட்டை விலக்கி அந்தக் கையைத் தன் வயிற்றில் வைத்தாள். நீண்ட, மண்ணிறமான, நகம் கறுத்த கை. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

துவாரகா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே, தூரத்தில், ஆரணன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுமொழி இல்லை.

"பாத்தீங்களே அம்மா," என்றாள் மகள், முகமெல்லாம் மலர. "தாத்தா தொட்ட உடனை அப்பிடியே பேசாமல் இருந்திட்டுது. துடிப்பே இல்லை."